பதின்மூன்று மீட்டர்

முக்காலியில் ஏற்றி நிறுத்திய கேமரா மூச்சு விடாது. ஆனால் படம் மூச்சு விட்டது.

ராஜாங்கம் வீடியோ டெக்கைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் பார்த்தான். வெயில் திரையில் அடிக்காமலிருக்க ஜன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் பழைய வேட்டியைச் செருகியிருந்தான். பகல் இரண்டு மணிக்கு அந்த அறையில் டிவியின் நீல வெளிச்சமும், சூடேறிய டெக்கின் ரப்பர் வாடையும், பின்பக்கம் கரும்பு வெட்டிய கொல்லையில் காய்ந்த சோகை எரியும் புகையும்தான் இருந்தன. திரையில் பனியன் போட்ட அவனே இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்துக் குனிந்து நின்றான். அவன் அசையவில்லை. அவனைச் சுற்றியிருந்த வேலி, கொல்லை, தூரத்துக் கல்வராயன் மலை எல்லாம் ஒன்றாக ஒரு விரற்கடை மேலே போய், கொஞ்ச நேரம் அப்படியே நின்று, கீழே இறங்கின.

மாசி கடைசியில் கடலூரில் தேர்வு. விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கிய ஒரே ஒரு அரசு வேலை; குண்டு பதின்மூன்று மீட்டர் போக வேண்டும். வயது வரம்பு அவனுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. அவன் கை பன்னிரண்டரையைத் தாண்டவில்லை. கல்லூரியில் பிழை சொல்லப் பயிற்சியாளர் இருந்தார். இங்கே யாருமில்லை. அதனால் கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுக்கும் அய்யப்பனிடம் கேமராவைக் கேட்டு வாங்கி, காலையில் தன்னைத் தானே எடுத்து, மதியம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அய்யப்பன் கொல்லைக்கு வந்து முக்காலியை ஆட்டிப் பார்த்தான்.

"பாறை மாதிரி நிக்குது மச்சான். பொண்ணு மாப்ளைய எடுத்த கேமரா இது. ஒன் முட்டியையும் முழங்கையையும் எடுக்க வெச்சியே, அதான் பெருமூச்சு வுடுது."

"சத்தமும் கேக்குதுடா."

"மைக்குல காத்து பூந்திருக்கும்." சொல்லிக்கொண்டே கீழே பார்த்தவன் சட்டென்று நகர்ந்து மண்ணில் நின்றான். "டேய், இது மணிமொழிக்கு வந்த கல்லு இல்ல? இது மேல நின்னுகினா குண்டு போடற?"

ராஜாங்கம் முக்காலியை மடக்கினான்.

மணிமொழி அவன் மனைவி. போன புரட்டாசியில், இடஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் நடந்தபோது, மூன்றாம் நாள் அவளுக்கு வலி கண்டது. ஏற்றிப்போன வேன் வடக்கனந்தலைத் தாண்டவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. அந்த மரத்தில் விழுந்த வெட்டுகளில் அவனுடையதும் உண்டு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

அப்படிப் போனவளுக்குச் சுமைதாங்கி நட வேண்டும். ரோட்டோரம் நட்ட கல் இரண்டு, மேலே படுக்கைக்கல் ஒன்று. தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதில் இறக்கி வைத்து ஆறிப் போவார்கள். அவர்கள் இறக்க இறக்க அவளும் தன் சுமையை இறக்குவாள் என்று கணக்கு. கார்த்திகையிலேயே கல் வந்துவிட்டது. மூன்றும் ஏழடி நீளம். பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டால் குண்டு எறியும் வட்டத்துக்குச் சரியாக இருந்தது. கால் வழுக்காத நல்ல தரை. தேர்வு முடியட்டும், நட்டுக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான்.

மறுநாள் முக்காலியின் மூன்று கால்களிலும் செங்கல் ஏற்றினான். அப்படியும் படம் ஏறி இறங்கியது. சத்தத்தைக் கூட்டினான். காற்றில்லை. இழுத்து, அடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு. ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் படம் தானாக அவனை நெருங்கியது. முகத்துக்கு வரவில்லை. வலது முழங்கைக்கு வந்து நின்றது.

முழங்கை தாழ்ந்திருந்தது. குண்டு கையை விட்டுப் போகும் முன்பே தாழ்ந்திருந்தது. இத்தனை நாளாகத் தேடிய பிழை அதுதான்.

அடுத்த காலை முழங்கையை உயர்த்திப் போட்டான். பன்னிரண்டே முக்கால். அன்றைய படம் அவன் இடது காலைக் காட்டியது. திருத்தினான். இன்னும் ஒரு சாண் கூடியது. யார் காட்டுகிறார்கள் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. தெரிந்தால் நிறுத்த வேண்டியிருக்கும்.

மாமியார் பெரியநாயகி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே பேசினாள்.

"கல்லு வந்து மூணு மாசமாச்சி மாப்ள. எம்பொண்ணு இன்னமும் தூக்கிகினு நிக்கிறா. கனவுல வந்து இடுப்பு வுட்டுப்போச்சிம்மான்றா."

"பத்து நாள் பொறுங்க அத்த."

"நீங்க பொறுப்பீங்க. அவ எங்க போயி இறக்குவா? எங்க எடங் கெடைக்குதோ அங்க இறக்கிடுவா, பாத்துக்கோங்க."

மறுநாள் காலை பனி விலகுமுன் கொல்லையில் இறங்கினான். குண்டு அன்று உள்ளங்கையில் நன்றாக அடங்கியது. முதல் எறியிலேயே அளவு டேப் பதின்மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர் காட்டியது. இரண்டாவது அதற்கும் மேல். சிரித்தான். மணிமொழி போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். ஆசை விடாமல் இருபத்திரண்டு தடவை போட்டான்.

மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

படம் அசையவில்லை. மலை மலையாக நின்றது. சத்தத்தைக் கூட்டினான். மூச்சு இல்லை. அப்பாடா என்றிருந்தது.

பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி முன்னால் நடந்து போனாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. அரக்குச் சேலை. இடுப்புக்குக் கீழே நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு கை இடுப்பில். காலை அகட்டி அகட்டி வைத்தாள். கல்மேல் ஏறி, திரையில் நின்ற அவன் எதிரே குனிந்தாள். முதுகு குலுங்கியது. வெகுநேரம் குலுங்கியது.

நிமிர்ந்தாள்.

அவன் நீட்டிய உள்ளங்கையில் எதையோ வைத்தாள். இரண்டு கையாலும், தலை சாயாமல் தாங்கி வைத்தாள்.

இரும்புக் குண்டு கல்லின் ஓரத்தில் புல்லில் கிடந்தது. பனித்துளி கலையாமல் கிடந்தது.

திரையில் அவன் குனிந்தான். சறுக்கினான். எறிந்தான். முழங்கை தாழவில்லை. காலும் சரி.

விழுந்த சத்தம் கேட்டது. இரும்பு விழுகிற சத்தமில்லை.

டேப்பை இழுத்துக்கொண்டு ஓடினான். அளந்தான். துள்ளினான். அவன் பக்கத்திலேயே அவள் மெல்ல உட்கார்ந்தாள். பொறுக்கினாள். திரும்பி நடந்து வந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு டெக்கை நிறுத்தக் கை போகவில்லை.

இரண்டு. மூன்று. ஏழு.

பதினொன்றாவது தடவை, முந்தானையால் அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். திரையில் அவன் சிரித்த முகத்தோடு வாங்கினான். தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து, நன்றாக அழுத்திக்கொண்டான்.