பச்சைப் பொட்டு வைத்த வீடு

மேசையின்மேல் ஒரு தீப்பெட்டி கூடுதலாக இருந்தது.

மோயேபம்பா என்னும் சிற்றூரில், இரவில் இரத்தம் குடிக்கும் வின்சூக்காப் பூச்சியைக் கண்டவர்கள் அதனைக் கொல்லாமல் தீப்பெட்டியில் அடைத்து, வீட்டு எண்ணை எழுதி, சுகாதாரப் பணியாளரான காசிமிராவின் மேசையில் வைத்துச் செல்வது வழக்கம். பூச்சி இருந்த வீட்டுக்கு ஊர் வரைபடத்தில் அவள் சிவப்புப் பொட்டு வைப்பாள். மருந்தடித்துத் தூய்மையான வீட்டுக்குப் பச்சை. அன்று காலை வந்த பெட்டிகள் மூன்று. பகலுணவு முடித்துத் திரும்பியபோது நான்கு. நான்காவதன்மேல் 31 என்று எழுதியிருந்தது.

முப்பத்தொன்று தீக்கோனா குடும்பத்தின் வீடு. அவர்கள் வேலை தேடி அர்ஜென்டினாவுக்குச் சென்று பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

பெட்டியைத் திறந்தாள். பசித்த வின்சூக்கா காய்ந்த இலைபோல் தட்டையாக இருக்கும். இவை ஐந்தும் திராட்சைபோல் உப்பியிருந்தன. இடுக்கியால் ஒன்றை அழுத்தினாள். புது இரத்தம் கசிந்தது. ஆளில்லாத வீட்டில் இவை யாரைக் குடித்தன?

யாரோ தன்னைச் சோதிக்கிறார்கள் என்றே முதலில் எண்ணினாள். சில மாதங்களுக்கு முன், ஊருக்குத் தூய்மைச் சான்று கிடைக்கப் பூட்டிக் கிடந்த அந்த ஒரு வீடே குறையாக நின்றமையால், பூட்டைத் திறவாமல் வெளிச்சுவரில் மட்டும் மருந்தடித்துவிட்டு, உள்ளும் புறமும் அடித்ததாக அவள் எழுதியிருந்தாள். அதனை அறிந்தவர் அன்று தண்ணீர் சுமந்துவந்த அண்டைவீட்டு இலாரியோன் ஒருவரே. வரைபடத்தை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதங்களாக அவள் வைத்த சிவப்புப் பொட்டுகள், அவரவர் அழுக்கின் பலன் என்று அவள் ஏசிய வீடுகள், வளையம்போல் நின்றன. வளையத்தின் நடுவே அவள் வைத்த ஒரே பச்சைப் பொட்டு.

இலாரியோன் வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, இந்த வயசுல எதுக்கு இந்த வெளையாட்டு?"

"முட்டிய மடக்கவே முடியல, நான் வெளையாடுறனாக்கும்!"

"பெட்டியில முப்பத்தொண்ணுன்னு எழுதி வச்சது நீங்கதானே?"

"எனக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா உன் பொய்யத்தான் மொதல்ல எழுதியிருப்பேன், தாயி." சிரித்தவர், அவள் முகத்தைக் கண்டு நிறுத்தினார். "உம் பொண்ணக் கேளேன். பத்து நாளா பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வீட்டுக்குள்ளதான் போறா. நீ பாக்கச் சொன்னியாமே?"

காசிமிரா முப்பத்தொன்றை நோக்கி ஓடினாள். ஏழு வயது மகள் நெலிடாவின் ஒரு கண் அன்று காலை வீங்கி மூடியிருந்தது. தேனீ கொட்டியிருக்கும் என்று சொல்லிக் காசிமிரா அவளைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தாள். இந்த வேலையில் பதினோர் ஆண்டுகள் இருந்தும் அப்படிச் சொன்னாள். அக்கண்வீக்கம் வின்சூக்கா கடித்ததன் முதல் அடையாளம். அக்கடி தரும் நோய் இருபது ஆண்டுகள் கழித்து இதயத்தைப் பருக்கச் செய்யும். அவள் கணவன் முப்பத்து நான்காம் வயதில் அப்படித்தான் இறந்தான்.

முப்பத்தொன்றின் பூட்டு துருவேறித் தொங்கியது; ஆயினும் கதவின் அடிப்பலகை கழன்று, ஒரு சிறுமி நுழையுமளவு இடைவெளி இருந்தது. காசிமிரா தொப்பியை அழுத்தி, இரண்டு பின்னல்களையும் முதுகில் தள்ளி, அகன்ற பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, உடலைக் குறுக்கி உள்ளே ஊர்ந்தாள். வெளியே எரிந்த வெயில் அந்த இடைவெளியைத் தாண்டி உள்ளே எட்டவில்லை. பழைய வைக்கோலின் நெடியும், அதன் அடியில் இரும்பை நக்கியதுபோன்ற இரத்த வாடையும், எங்கிருந்தென்று தெரியாமல் சோளத்தோல் உரசுவதுபோன்ற இடைவிடாத சரசரப்பும் அவளைச் சூழ்ந்தன.

கைவிளக்கை ஏற்றினாள்.

சுவர் கறுப்பாயிருந்தது.

சுவர் அசைந்தது.

"நெலிடா!"

"சத்தம் போடாதம்மா." குரல் மிக அருகில் கேட்டது. "சாப்பிடுறாங்க."

விளக்கைத் திருப்பினாள். சுவரில் முதுகை ஒட்டி நெலிடா நின்றாள். திறந்திருந்த ஒற்றைக் கண் இமைக்கவில்லை. அவளைச் சுற்றிப் பூச்சிகள் விரற்கடை இடம் விட்டிருந்தன. அவள் அளவுக்கு. மிகச் சரியாக.

காசிமிரா கையை நீட்டினாள்.

சரசரப்பு நின்றது.

பிறகு, மகளின் பக்கத்தில், பூச்சிகள் மெல்ல விலகத் தொடங்கின. முதலில் ஒரு தொப்பி. இரண்டு பின்னல்கள். தோள்கள். அகன்ற பாவாடை. மகளை நோக்கி நீண்ட ஒரு கை.

வெள்ளைச் சுவரில், காசிமிராவின் அளவுக்கு ஓர் இடம்.