பச்சை நூல் பை

அந்தப் பெரிய இரும்புக் கதவுக்கு உள்ளே போய்விட்டால் யாரும் யாருக்கும் உறவில்லை. இப்படி ஒரு விதியை எவரும் எழுதி ஒட்டவில்லை. எவரும் எவருக்கும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. ஆனாலும், பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பெற்ற பிள்ளைகளை அங்கேயே படிக்கவும் வைத்திருந்த குடும்பங்கள் அத்தனையும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தன. தோட்டக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். அவருடைய மகன் நண்பர்களோடு சிரித்தபடி கடந்து போவான். வாசல் காவலாளி மற்றவர்களிடம் கேட்பது போலவே தன் மகளிடமும் அடையாள அட்டையைக் கேட்பார். அவளும் முகம் மாறாமல் எடுத்துக் காட்டுவாள். வீட்டுக்கு வந்தபின் பேசிக்கொள்வதெல்லாம் வேறு. கதவுக்கு உள்ளே, இல்லை.

விடுதிப் பிள்ளைகள் ‘சலவைக்கா’ என்று கூப்பிடும் அந்தப் பெண்ணும் இந்த விதியை மீறியதில்லை. அவளுடைய கணவர் பல்கலைக்கழகப் பேருந்தை ஓட்டினார். ஓரகத்தி உணவுக்கூடத்தில் பரிமாறினாள். இவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வளர்த்த அவளுடைய மகள், முதலாமாண்டு மாணவியாக அதே விடுதியில் தங்கியிருந்தாள். சின்ன வயதில் மூச்சுவிடாமல் பேசியதால் வீட்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். கல்லூரி போன பிறகு அந்த ரேடியோ ஏனோ ஊமையாகிவிட்டது. விடுமுறை நாளில் வீட்டுக்கு வந்தால், என்ன கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கு” என்ற ஒற்றைப் பதில்தான்.

அன்று காலை ஓரகத்தி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். அந்தத் திரும்பலிலேயே ஏதோ வரப்போகிறது என்று சலவைக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

“எனக்கென்ன வந்தது... பிள்ளைங்க சாப்பிடறப்ப பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு, சொல்றேன். உன் பொண்ணு பாத்ரூம்ல உக்காந்து தன் துணியத் தானே துவைச்சுக்கிறாளாம்! அத்தனை பெரிய மிஷின் இருக்க, கையால தேய்க்கிறாளாம்!”

“அவசரத்துக்கு ஒண்ணு ரெண்டு அலசியிருப்பாக்கா...”

“அவசரமா? அவ பை வரலை வரலைன்னு நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு அலையறது எனக்குத் தெரியாதா? எனக்கென்ன கண்ணு பொட்டையா?” ஓரகத்தி குரலைத் தாழ்த்தினாள், தாழ்ந்த குரல்தான் இன்னும் ஆழமாகக் கிழித்தது. “பெத்தவ கை பட்டா துணி அழுக்காயிடும்னு நினைக்கிறாளோ என்னவோ... படிக்கிற பொண்ணு! இருக்கும்...”

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர் தலையை நிமிர்த்தினார். “காலங்காத்தால எதுக்கு அண்ணி அவள அழவைக்கிறீங்க?”

“நான் அழவைக்கிறேனா? ஆமா, நீங்க மட்டும் ரொம்ப ஒழுங்கு! பஸ்ல ஏறுற பொண்ணப் பாத்து ‘உள்ள நகருங்க, உள்ள நகருங்க’ன்னு சொல்றீங்களே... பெத்த பொண்ணுக்கு இவ்வளவு மரியாதை குடுக்கிற அப்பன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!”

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். அன்று ஓட்டுநர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். சலவைக்கா பாத்திரம் தேய்க்கும் சாக்கில் சுவரைப் பார்த்து நின்றாள். தண்ணீரைத் திறந்துவிட்டால் விம்மல் வெளியே கேட்காது அல்லவா!

பேருந்தில் போகும்போதும் அந்த வார்த்தை அவளோடு வந்தது. பெத்தவ கை பட்டா...

சலவைக்கூடத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வெள்ளைத் துணிப்பை உண்டு. பையின் வாயில் தளத்துக்கு ஒரு நிறமாக நூல் தைத்திருப்பார்கள். கீழ்த்தளத்துக்குச் சிவப்பு, நடுத்தளத்துக்கு நீலம், மேல்தளத்துக்குப் பச்சை. பை உள்ளே வந்ததும் “என்ன நூல்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். மகளின் பையில் இருந்த பச்சை நூலோடு அவள் ஒரு சிறு முடிச்சையும் சேர்த்துப் போட்டிருந்தாள். வேறு யார் கண்ணுக்கும் அது படாது. அந்த முடிச்சு விரலில் இடறினால் போதும், அந்தப் பையை மட்டும் தனியே எடுத்து வைப்பாள். காலையில் இயந்திரத்தில் விழும் முதல் தண்ணீர் அந்தத் துணிகளுக்குத்தான். காலரை நீவி மடிக்கும்போது, உள்ளே ஒரு கழுத்து இருப்பதுபோல் கை தானாக மெதுவாகிவிடும். கதவுக்கு உள்ளே அவள் தனக்கு அனுமதித்துக்கொண்ட தாய்மை அவ்வளவுதான்.

இந்த இரண்டாம் செமஸ்டர் தொடங்கியதிலிருந்து அந்த முடிச்சு விரலில் இடறவேயில்லை.

‘நான் என்ன குறை வைத்தேன்?’ என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளாத நாளில்லை. மகள் சேர்ந்த முதல் நாளும் அவளுக்கு மறக்கவில்லை. புதுத் தோழிகள் சூழ, கையில் பையோடு அந்தப் பெண் சலவைக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. “அம்மா!” என்று ஓடி வந்தாள். சலவைக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. பதிவு மேசைக்குப் பின்னால் நின்றபடி, எல்லோரிடமும் பேசும் அதே குரலில், “உங்க பையில என்ன நூலு மேடம்?” என்று கேட்டாள். தோழிகளுக்கு எதுவும் விளங்கவில்லை. பெண்ணுக்கு விளங்கியது. “பச்சை” என்று சொல்லிவிட்டுப் பையை வைத்துவிட்டுப் போனாள். கெட்டிக்காரி, சட்டென்று புரிந்துகொண்டாளே என்று தாய் அன்று பெருமைப்படவும் செய்தாள்! நாலு பேர் நடுவே மகளின் தலை குனியக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும்?

மடிப்பு மேசையைச் சுற்றி அன்றும் மாணவிகள் உட்கார்ந்து துணிக்காகக் காத்திருந்தார்கள். சலவைக்கா அங்கே இல்லாததுபோல் பேசுவது அவர்களுக்குப் பழக்கம்.

“எனக்கு இந்த இடம் சொர்க்கம்டி. எங்க வீட்ல ஒரு புத்தகத்தத் திறந்தா ஆயிரம் வேலை சொல்லுவாங்க. இங்க லைப்ரரில ராஜா மாதிரி உக்காந்திருக்கேன்.”

“சொர்க்கமா! வகுப்புல பின்னாடி உக்காந்தா வாத்தியார் எறும்பு சைஸ்ல தெரியறாரு. நான் செத்துப்போனாக்கூட வருகைப் பதிவுல ‘பிரசன்ட்’னு யாராவது சொல்லிடுவாங்க.”

“அதான்டி சொர்க்கம்!” என்றாள் முதலாமவள். எல்லோரும் சிரித்தார்கள்.

மேற்பார்வை அம்மா உள்ளே வந்து கைதட்டினாள். புதிய மாணவர்களைச் சேர்க்க விரும்பும் பெற்றோருக்கான அறிமுக நாள் அன்று. பெரிய மண்டபத்தில் மேசை விரிப்புகளை மாற்ற ஆள் வேண்டும். “நீ வா,” என்றாள் சலவைக்காவிடம். “வெளியாளுங்க நிறைய பேர் வர்றாங்க. விரிப்புல ஒரு கறை இருந்தாலும் நம்ம தலைதான் உருளும், பாத்துக்கோ.”

மண்டபம் நிரம்பி வழிந்தது. ‘இங்கே வாழ்க்கை எப்படி?’ என்பதைச் சொல்ல மேடையில் சில மாணவர்களை உட்கார வைத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் ரேடியோ. சலவைக்காவின் கையிலிருந்த விரிப்புகள் நழுவப் பார்த்தன. இறுக்கி அணைத்துக்கொண்டு பின்சுவரோரம் போய் நின்றாள். அங்கே தண்ணீர்த் தட்டோடு ஓரகத்தியும் நின்றிருந்தாள்.

மேடையில் ஒருவன் ஆய்வுக்கூடங்களைப் புகழ்ந்தான். இன்னொருத்தி, திசைக்கொரு தோழி கிடைத்திருப்பதாகச் சொன்னாள். அடுத்தவன் கொஞ்சம் விளையாட்டுக்காரன். “எல்லாம் நல்லா இருக்குங்க. என்ன, கூட்டம் ஜாஸ்தி. இங்க என் நம்பரத்தான் எல்லாருக்கும் தெரியும், பேரு எனக்கே மறந்துடும்போல இருக்கு,” என்றான். பெற்றோர்கள் சிரித்தார்கள், முன்வரிசை அதிகாரிகள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் அவனுக்கு உற்சாகம் பொங்கியது.

“சலவைக்கு மட்டும் துணி போட்டுடாதீங்க! என் சட்டையில பட்டன் இருந்ததா இல்லையான்னே இப்ப சந்தேகமா இருக்கு. நம்பலைன்னா இவளக் கேளுங்க. இவ போடறதே இல்லையாம், தானே துவைச்சுக்கிறாளாம். விடுதி முழுக்க இதான் பேச்சு!”

அவன் கை ரேடியோவைக் காட்டியது.

முன்வரிசையிலிருந்து ஓர் அதிகாரி திரும்பி மேற்பார்வை அம்மாவைப் பார்த்தார். அவள் திரும்பிச் சலவைக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று அங்கே வேலை செய்கிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியார் முன்னிலையில் வந்த புகார்! யாராவது ஒருவர் வேலையை விட்டுப் போயாக வேண்டும்.

கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து நின்றார். “என் பொண்ண இங்க சேக்கலாம்னு வந்திருக்கேன். நீ சொல்லும்மா... ஏன் சலவைக்குப் போடறதில்ல? சுத்தமா துவைக்க மாட்டாங்களா?”

ஒலிவாங்கி கைமாறி ரேடியோவிடம் வந்தது. அவள் கண்கள் மண்டபத்தைக் கடந்து பின்சுவரைத் தொட்டன. சலவைக்கா தலையை மெல்ல அசைத்தாள்... வேண்டாம், கண்ணு. என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ. அழுக்குப் போகலைன்னே சொல்லு. என்னை மட்டும் காட்டிக்கொடுக்காதே. உன் தலை குனியக்கூடாது...

“சுத்தமாத்தான் துவைப்பாங்க,” என்றாள் ரேடியோ. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “அவ்வளவு சுத்தமா யாராலயும் துவைக்க முடியாது. என் பைய மட்டும் தனியா எடுத்து, நல்ல தண்ணியில துவைச்சு வச்சிருப்பாங்க. என் பை நூல்ல ஒரு முடிச்சு இருக்கும். அத யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியும்.”

சலவைக்கா விரிப்புகளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். தெரியுமா? அந்த முடிச்சு அவளுக்குத் தெரியுமா!

“அப்புறம் ஏன்மா?”

“வெட்கமா இருக்குங்க.” ரேடியோ ஒலிவாங்கியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள். “துவைக்கிறவங்கள நினைச்சு இல்ல. என்னை நினைச்சுத்தான். என் அழுக்குத் துணியக் கொண்டுபோய் அவங்க முன்னால வைக்கணும். வச்சுட்டு, யாரோ மாதிரி பாத்துட்டு வரணும். கை வெடிச்சிருக்கும், ‘என்ன ஆச்சு’ன்னு கேக்கக் கூடாது. அன்னிக்கு முதல் நாள் ஓடிப் போய்க் கூப்பிட்டேன்... ‘உங்க பையில என்ன நூலு மேடம்’னு கேட்டாங்க...”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“மேடமாம்! என்னைப் போய்! நான் என்ன தப்பு பண்ணினேன்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். நான் இங்க படிக்கிறது அவங்களுக்குப் பிடிக்கலையா, நான் அவங்களுக்குப் பாரமாயிட்டேனா, ஒண்ணுமே புரியல. எல்லாரும் கேக்கறீங்க, இங்க வாழ்க்கை எப்படின்னு. பாடம் நல்லா இருக்கு. லைப்ரரி நல்லா இருக்கு. சிநேகிதிங்க தங்கமானவங்க. ஆனா இந்த வாசலுக்குள்ள வந்தா நான் அநாதைங்க... அவங்க வேலையில ஒரு பையாவது குறையட்டும்னுதான் நானே துவைச்சுக்கறேன். வேற என்ன என்னால செய்ய முடியும்?”

சலவைக்காவின் கன்னங்கள் பற்றி எரிந்தன. மகளுடைய மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அவள் செய்த காரியம், ஓடி வந்த குழந்தையின் முகத்தில் கதவை அறைந்து சாத்தியதாக அல்லவா முடிந்திருக்கிறது! அருகே தண்ணீர்த் தட்டு கிணுகிணுத்தது. ஓரகத்தி அழுதுகொண்டிருந்தாள். “என் நாக்குல நெருப்பத்தான் வைக்கணும்... காலையில என்ன பேச்சுப் பேசிட்டேன்...” என்று தனக்குள் முனகினாள்.

“யாரும்மா அவங்க?” என்று மீண்டும் கேட்டார் அந்தத் தாய். இந்த முறை அவர் குரலும் இளகியிருந்தது.

ரேடியோ வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். “அத நான் சொல்லக் கூடாதுங்க. இங்க... அது வழக்கமில்ல.”

சலவைக்கா ஓரடி முன்னே வைத்தாள். மேற்பார்வை அம்மா அவள் முழங்கையைப் பற்றினாள். பிடியில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது. “வேணாம்... சொன்னாக் கேளு. என் பையனும் இங்கதான் படிக்கிறான், மூணாவது வரிசையில உக்காந்திருக்கான். நீ ஆரம்பிச்சு வைக்காத...”

சலவைக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, அணைத்திருந்த விரிப்புகளை ஒரு குழந்தையைக் கொடுப்பதுபோல் அவள் கைகளில் வைத்தாள். நாற்காலி வரிசைகளின் நடுவே, வேலைச் சட்டையோடும் ஈரம் காயாத ரப்பர் செருப்போடும், மேடையை நோக்கி நடந்தாள். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவள் நிற்கவில்லை. வாசற்படியில், பெற்றோரை இறக்கிவிட்டு வந்த ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார்.

“நான்தாங்க!” என்றாள். தன் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்கே அன்றுவரை தெரியாது. “அவ சொல்றது என்னைத்தான். என் பொண்ணுங்க அது! நான் பெத்த பொண்ணு! கூப்பிட்ட பிள்ளைய மேடம்னு சொன்ன பாவி நான்தான்...”

மேடைக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள். கண்ணீரில் மகளின் முகம் கலங்கித் தெரிந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த இரண்டு கைகளையும் அத்தனை பேர் முன்னிலையிலும் மேலே நீட்டினாள்.

“ரேடியோ... இன்னொரு தடவ கூப்பிடுடி, கண்ணு. இந்தத் தடவ நான் நிமிந்து பாக்கறேன்.”