கழுவிய தூக்குவாளி

கழுவித் துடைத்து ஒரு மணி நேரம் ஆகியும் மடியில் இருந்த தூக்குவாளி சூடாகவே இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று பிரான்சி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் ஏசி காற்று நேராக அதன் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை ஓயாமல் உதைத்தது.

ஏழு மாதம். இரண்டு கலைந்த பிறகு தங்கிய பிள்ளை. பிறந்துவிட்டால் எங்கே ஊர் சுற்றுவது என்று, ஸ்ரீரங்கம் தீவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட அவள் கணவன் ஆஸ்டின் காரை எடுத்தான். பாலக்கரைக்காரர்களுக்கு உள்ளூரிலேயே சுற்றுலா! காலையில் முக்கொம்பு, பிறகு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, கொள்ளிடத்து மணலில் நாரைக் கூட்டம். கல்லணைக்கு முன்னால், வாழைத்தோப்பு ஓரக் கொட்டகையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த பெண், பிரான்சியின் வயிற்றைப் பார்த்ததும் காசு வாங்காமல் மீன் குழம்பை வாளியில் ஊற்றித் தந்தாள்.

"திரும்புறப்ப வாளியக் குடுத்துட்டுப் போம்மா. காலியா மட்டும் குடுத்துடாத."

இதைச் சொல்லவா வேண்டும்? கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அம்மா அற்புதம்மாள் சொல்லிச் சொல்லி வளர்த்த மகள் அவள். கல்லணையில் குழம்பை வழித்துச் சாப்பிட்டு வாளியைக் கழுவியபோது பையில் ஒரு பிஸ்கட்கூட மிச்சமில்லை.

"வெறும் வாளிய எப்படிங்க நீட்டுறது? அடுத்த வாரம் கேக் வச்சுக் கொண்டாந்து குடுத்துடலாம்" என்றாள். திரும்பும் வழியில் கொட்டகையைத் தாண்டும்போது அந்தப் பெண் எழுந்து நின்றாள். பிரான்சி வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வாழைத்தோப்பு முடியவே இல்லை. இடது பக்கம் காவிரியின் ஈர மண் வாடை, வலது பக்கம் காற்றில்லாமலே உரசிக்கொள்ளும் இலைகள், அவற்றுக்குள் எங்கோ விட்டுவிட்டு அகவும் ஒரு மயில், காருக்குள் எத்தனை தேய்த்தும் போகாத புளியும் மீனும் கலந்த வாசனை. எப்போதோ வந்திருக்க வேண்டிய திருவானைக்காவல் வரவில்லை. கொட்டகைதான் வந்தது. அந்தப் பெண் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"வழி மாறிட்டோமாங்க?"

"ஒரே ரோடுதானே பிரான்சி." ஆஸ்டினின் குரல் வறண்டிருந்தது.

மறுபடி தோப்பு. மறுபடி மயில். வெயில் சாயவில்லை. எதிரே ஒரு வண்டியும் இல்லை. கொட்டகை. இப்போது அவள் சாலையோரத்தில் நின்றாள். மறுபடி தோப்பு. கொட்டகை. இப்போது சாலை நடுவில்.

ஆஸ்டின் பிரேக்கை மிதித்தான். பிரான்சி தன் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி வாளிக்குள் போட்டு மூடி, கண்ணாடியை இறக்கி நீட்டினாள்.

அந்தப் பெண் மூடியைத் திறந்து பார்த்தாள். ஜெபமாலையை எடுத்துப் பிரான்சியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எதுக்கும்மா? வாளி நெறஞ்சுதான் இருக்கு."

மூடினாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

கார் நகர்ந்தது. தோப்பு முடிந்தது. எதிரே ஒரு பஸ் வந்தது. "தப்பிச்சோம்" என்று ஆஸ்டின் அழுதான்.

பிரான்சி வயிற்றில் கை வைத்தாள். பிள்ளை அசையவில்லை. அழுத்திப் பார்த்தாள். இல்லை.

பக்கக் கண்ணாடியில் அந்தப் பெண் சின்னதாகத் தெரிந்தாள். இடுப்பில் வாளி. அதன் மூடி உள்ளிருந்து உதைபட்டு எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது.

அவள் அதன் மேல் கை வைத்து, மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.