மேல் முகாமில் ஒரு காலியிடம்

மேல் முகாமை மூடி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது என்று காலையில் பூங்கா அலுவலகத்து ரெனாட்டா சொல்லியிருந்தாள். அப்படியானால் அங்கே ஒரு மாதச் சருகு குவிந்து கிடந்திருக்க வேண்டும். வெர்னா கேரவனிலிருந்து இறங்கும்போது ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் இலைகளை உதிர்த்துக்கொண்டேதான் இருந்தன. பாதையிலும் புல்லிலும் இலை கிடந்தது. கூடாரம் போடுகிற இடங்களில் மட்டும் ஒரு இலைகூட இல்லை. யாரோ மண்ணை வாரிவிட்டிருந்தார்கள். வாரியின் இரும்புப் பல் இழுத்த கோடுகள் படிய வாரிய தலைமுடி மாதிரி வரிசையாக ஓடி, பாதை ஓரத்தில் வந்து நின்றன.

"பாத்தியா! மூடிக் கிடக்கறப்பவே இப்படி வெச்சிருக்காங்கன்னா, சீசன்ல எப்படி இருக்கும்!" என்றான் ஆர்லன்.

"யாரு வெச்சிருக்கா? அதச் சொல்லு மொதல்ல."

"யாரோ ஒரு ரேஞ்சர் பையன். சம்பளம் வாங்கறான்ல, வாரட்டுமே. உனக்கென்ன?"

"கேட்ல சங்கிலி போட்டிருந்துச்சு. நாமதான் சாவி வாங்கிட்டு வந்து திறந்தோம். வர்ற வழியில ஒரு டயர் தடம்கூட இல்ல, ஆர்லன்."

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மினசோட்டாவில் ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். பின்னாலிருந்து வருகிற எந்தச் சத்தத்தையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது அவனுக்குக் கைவந்த கலை.

கோடைதோறும் ஊர்ப்பக்கத்துப் பூங்காக்களில் முகாம் பொறுப்பாளர்களாக இருந்து பழகியவர்கள் இருவரும். வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, நெருப்பு மூட்டும் வளையத்தில் சாம்பல் அள்ளுவது, ராத்திரி கிதார் வாசிக்கிறவனை நயமாகப் படுக்க அனுப்புவது, இதெல்லாம் வேலை. சம்பளம் கிடையாது. கேரவனை நிறுத்த நல்ல இடமும் தண்ணீரும் கரண்டும் இலவசம். இந்த வருஷம் வீட்டை விற்றாகிவிட்டது. ஆகவே வருகிற வசந்தத்திலிருந்து பனி விழும்வரை எந்த முகாமை எடுக்கிறார்களோ அதுதான் வீடு. ஆற்றோரம், நெடுஞ்சாலையை ஒட்டி, சந்தடியாக இருக்கும் கீழ் முகாமா, மலை மடிப்புக்குள் இருக்கும் இந்த மேல் முகாமா என்று இன்று சாயங்காலத்துக்குள் ரெனாட்டாவிடம் சொல்லியாக வேண்டும். தேசியப் பூங்காவில் தொண்டர்களுக்கு இடம் பிரித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு.

வெர்னாவுக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. கீழ் முகாம்தான். ஏப்ரலில் ஆர்லனின் நெஞ்சைத் திறந்து தைத்திருக்கிறார்கள். காலையிலும் இரவிலும் மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைப்பது அவள்தான். வைக்காவிட்டால் அவனுக்கு நெஞ்சென்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. இங்கே போனில் சிக்னல் எடுக்கவில்லை. இந்த மரங்களுக்கு நடுவில் ஒரு நாள் அவன் சரிந்து விழுந்தால், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இருவரும் முகாமைச் சுற்றி வரும் வளையப் பாதையில் நடந்தார்கள். சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. வெளிச்சம் மேலே பாறைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, கீழே ஈரச் சாம்பல் வாடையும் பைன் பிசின் வாடையும் அவற்றுக்கு அடியில் இப்போதுதான் கிளறிய மண்ணின் வாடையும் கலந்து வந்தன. அணில் கத்தவில்லை. பறவையும் இல்லை. அவர்களுடைய காலடிச் சத்தத்துக்குப் பின்னால், அவர்கள் நின்றால் நின்று, நடந்தால் சற்றுத் தாமதித்து, மெல்லிதாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சர்... சர்... இரும்பு மண்ணைக் கீறும் சத்தம். எத்தனையோ கோடைகளாகக் காதுக்குப் பழகிய சத்தம். அதனாலேயே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கேக்குதா உனக்கு?"

"என்னது?"

"யாரோ வார்றாங்க."

ஆர்லன் நின்று கேட்டான். சத்தம் நின்றது. "ஊர்ல இருந்தப்ப நான் குறட்டை விடறேன்னு சொன்ன. இப்ப மரம் வாருதுங்கற. அடுத்தது என்ன?"

"இங்க முன்னாடி இருந்த பொறுப்பாளர் ஏன் நடு சீசன்ல போனார்னு காலைல கேட்டேன்ல. ரெனாட்டா என்ன சொன்னா? 'பேரு வாயில வர மாட்டேங்குது'ன்னா. பாதிக் கோடை கூட வேலை பார்த்தவர் பேரு!"

"ரெனாட்டாவுக்கு எத்தனை முகாம், எத்தனை கெழவனுங்க! என் பேரையும் மறந்துதான் போவா."

கடைசி இடத்துக்கு வந்தபோது ஆர்லனே நின்றுவிட்டான். அந்த ஒரு இடம் மட்டும் பாதி வாரியிருந்தது. மீதிப் பாதியில் சருகு அப்படியே கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் நீளக் கைப்பிடி போட்ட வாரி ஒன்று, கையிலிருந்து நழுவிய மாதிரி குறுக்கே கிடந்தது. வாருகிறவர்கள் உள்ளேயிருந்து பாதைப் பக்கமாகப் பின்னோக்கி நடந்தபடி வாருவார்கள். போட்ட காலடியையும் அப்படியே அழித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். வாரிய மண் என்றால் ஆள் போயாகிவிட்டது, இடம் காலி, அடுத்த ஆள் வரலாம் என்று பொருள். இங்கே வாரியவர் நடுவிலேயே விட்டிருக்கிறார். விட்டுவிட்டு எப்படிப் போனார் என்றுதான் தெரியவில்லை. சருகு நசுங்கவில்லை. மண்ணில் காலடி இல்லை.

"ஆர்லன், போலாம். இருட்டப் போகுது."

"ஒரு நிமிஷம் இரு. பாதில கிடந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது." அவன் வாரியைக் கையில் எடுத்துவிட்டான். அரைகுறை வேலையைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். எந்த முகாம் பொறுப்பாளருக்கும் அரிக்கும்.

"அதக் கீழ போடு!"

அவன் போடவில்லை. வெர்னா கோபத்தோடு வாரிய பாதியைக் குறுக்கே மிதித்துக்கொண்டு போய், நடுவிலிருந்த மேஜையின் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் எந்திரிக்க மாட்டேன். கீழ் முகாம்தான்னு நீ சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். இங்க உனக்கு நெஞ்சு வலிச்சா நான் யாரக் கூப்பிடுவேன்? அணிலையா?"

"டாக்டர் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டார்ல."

"நல்லா இருக்கறவனத்தான் மேஜைல போட்டு அறுத்தாரா?"

ஆர்லன் சிரித்தான். சிரித்துக்கொண்டே வாரினான். சருகுப் பாதி முடிந்தது. பிறகு அவள் மிதித்துவந்த காலடிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு மேஜைக்கு வந்தான். "மேடம், கிளம்பறீங்களா? அடுத்த பார்ட்டி வெயிட் பண்றாங்க."

"ஆள் இருக்கும்போது வாரக் கூடாதுன்னு நீயே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க. கழுத்தப் புடிச்சு வெளிய தள்ற மாதிரின்னு."

"காலத் தூக்கு."

அவள் தூக்கினாள். காலமெல்லாம் அவன் பெருக்கும்போதும் துடைக்கும்போதும் தூக்கிய பழக்கம். கோபத்திலும் கால் தானாக எழுந்தது. பெஞ்சுக்கு அடியில் வாரி ஒருமுறை போய் வந்தது. சர்.

அவன் பின்னோக்கியே நடந்து பாதைக்குப் போனான். வாரியைப் பாதையோரக் கம்பத்தில் சாய்த்தான். "காலி!" என்று சத்தமாகச் சொன்னான்.

சர்... என்று எங்கோ ஒரு பதில்.

ஆர்லன் மேஜைப் பக்கம் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. ஒரு அறைக்குள் வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று மறந்தவனைப்போல் சற்று நின்றான். சிரிப்பு மெதுவாக வடிந்தது. திரும்பி கேரவனைப் பார்த்து நடந்தான்.

"இரு, நானும் வர்றேன்!"

அவன் காத்திருக்கவில்லை. அவள் ஓட்டமும் நடையுமாக வந்து ஏறிக் கதவை இழுத்துச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பாதை மண்ணில் ஒரே ஒருவரின் காலடிதான் தெரிந்தது. தான் புல் மேல் நடந்திருப்போம் என்று சொல்லிக்கொண்டாள்.

இறங்கும் வழி முழுக்க அவன் ரேடியோவைத் திருகிக்கொண்டு வந்தான். அவள் பேசினாள். அவன் பதில் சொல்லவில்லை. சண்டை போட்டால் அவன் இப்படித்தான் வாயைக் கட்டிக்கொள்வான், இதொன்றும் புதிதில்லை. "சரி, நான் கத்தினது தப்புதான். பயத்துல கத்திட்டேன். நீ இல்லாம எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லு?" என்றாள். அவன் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தான்.

கீழ் முகாமின் விளக்குகள் தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. விறகுப் புகை, யாரோ சோளம் சுடும் மணம், சைக்கிளில் சுற்றும் பிள்ளைகள், நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல். இந்தச் சத்தத்தையெல்லாம் கட்டிக்கொண்டு தூங்கலாம்போல் இருந்தது. டார்ச்சோடு ரெனாட்டா எதிரே வந்தாள். ஆர்லன் கண்ணாடியை இறக்கினான்.

"வாங்க ஆர்லன். ரெண்டையும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"கீழதான் வேணும், ரெனாட்டா," என்றாள் வெர்னா. "முடிவு பண்ணியாச்சு."

ரெனாட்டா இந்தப் பக்கம் திரும்பவில்லை. டார்ச் வெளிச்சம் வெர்னாவின் முகத்தில் பட்டது. கண் கூசியது. வெளிச்சம் நிற்காமல் தாண்டிப் போய் இருக்கையின் பின்புறத்தில் விழுந்தது.

"காலைல உங்ககூட யாரோ வந்திருந்தாங்கள்ல?" ரெனாட்டா நெற்றியைத் தேய்த்தாள்.

ஆர்லன் யோசித்தான். விரலில் கிடந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே யோசித்தான்.

"இல்லையே. நான் தனி ஆள்தான்."

"ஆர்லன்!"

அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிடித்தது அவளுக்குத் தெரிந்தது. துணி, துணிக்கு அடியில் சூடு, எல்லாம் தெரிந்தது. அவன் அசையவில்லை. கொசு உட்கார்ந்த மாதிரி அந்த இடத்தைச் சொறிந்துகொண்டான்.

"அப்ப வேற யாரையோ நினைச்சுட்டேன். இந்த வேலைல முகமெல்லாம் கலந்து போகுது. சரி, எது? மேலயா, கீழயா? மேல போன் எடுக்காது. ஒடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"ஒடம்பா? கல்லு மாதிரி இருக்கேன்."

மாத்திரை டப்பா. ராத்திரி மாத்திரை. டப்பா முன்னால் தட்டிலேயே இருந்தது. அவள் கைநீட்டி எடுத்தாள். எடுக்க முடியவில்லை. விரல் டப்பாவின் மேல் இருந்தது. டப்பா தட்டோடு இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நகம் வலித்தது. ஒரு மாத்திரைகூட உள்ளே குலுங்கவில்லை.

"மேலயே எடுத்துக்கறேன்," என்றான் ஆர்லன். "அமைதியா இருக்கு. என்னை வேண்டாங்கறதுக்கு யாரு இருக்கா?"

"நல்லதாப் போச்சு. கீழ் முகாமுக்கு வேற ஒரு ஜோடி கேட்டுக்கிட்டே இருக்காங்க. சாவி உங்ககிட்டதான இருக்கு? வேணும்னா இன்னிக்கே அங்க தங்கிப் பாருங்க."

வெர்னா கத்தினாள். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அடித்துக் கத்தினாள். ஒரு பெண்மணி சூப்புக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, ஆர்லனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

வண்டி திரும்பியது.

இறங்கிவிடலாம். இப்போதே குதித்துவிடலாம். இந்த விளக்குகளுக்கு நடுவிலேயே இருந்துவிடலாம். ஆனால் மாத்திரை போடாமல் அவன் மட்டும் மேலே போவான். அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ளவும் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்தான். அவள் மடியில் வைத்தான். அது அவளுக்குள் இறங்கி, இருக்கையில் போய் உட்கார்ந்தது.

மரங்கள். வளைவு. மரங்கள்.

திறந்த கேட். சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது.

சர்.

முகப்பு விளக்கு வளையப் பாதையில் திரும்பியது. முதல் இடம். வாரிய மண், அதன் நடுவில் மேஜை, மேஜையில் ஒரு கிழவர். தொண்டர்களின் ஆரஞ்சு மேல்சட்டை. அடுத்த இடத்தில் ஒரு பெண், மடியில் குழந்தை. அடுத்ததில் இருவர். அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு மேஜையிலும் யாராவது. சுற்றி ஒரு காலடிகூட இல்லை. எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தார்கள். ரொம்ப நேரமாகத் தூக்கி வைத்திருப்பவர்களின் நடுக்கம் அந்தக் கால்களில் இருந்தது.

ஆர்லன் பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினான். விளக்கு அவர்கள் மேல் பட்டு விலகியது. அவன் எதையும் பார்க்கவில்லை.

அவர்கள் தலையைத் திருப்பினார்கள். சாயங்காலத்திலிருந்து முதல் தடவையாக, வெர்னாவின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார்கள்.