நாங்க போற வழியில

சின்னவன் சொன்னதை முதலில் அவள் வெறும் பிழையாகத்தான் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் பாதி உடம்பைச் சாய்த்து, மலைச்சாலையை விரலால் ஓட்டிக்கொண்டே போனவன், "அம்மா, நாங்க போற வழியில ஒரு அருவி இருக்கு" என்றான்.

"நாங்க இல்லடா, நாம." பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை, ஓர் ஒற்று விட்டுப்போனாலும் அவளுக்குப் பொறுக்காது. "கேக்குறவங்களையும் சேத்துக்கிட்டா நாம. அவங்களை விட்டுட்டா நாங்க. அம்மாவை விட்டுட்டா போகப்போறே?"

அவன் விரல் அடுத்த வளைவுக்குப் போய்விட்டது.

இந்தப் பயணத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாயை வரச்சொன்ன விடுதி பூனையை வேண்டாம் என்றது. இரண்டையும் வரச்சொன்ன விடுதியில் ஏரி தெரியவில்லை. கணவர் கடலோரமாகப் போகலாம் என்பார், பெரியவள் மலைவழிதான் என்று முறைப்பாள், கடைசியில் இருவரும் "நீயே பாத்துச் சொல்லு" என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டு எழுந்து போவார்கள். குண்டன் காரில் ஏறிய கொஞ்ச நேரத்தில் வாந்தியெடுக்கும் நாய். மகாராணியோ, கூடையைக் கண்டாலே கட்டிலுக்கடியில் மறையும் பூனை. அவளுக்கு மண்டை காய்ந்துபோனது.

ஆனாலும் விடவில்லை. காரணம் இந்த வீடு. வாடகைக்கு வந்ததிலிருந்தே, மற்றவர்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போன பிறகு இங்கே தனியாக உட்கார்ந்து வேலை பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. மாடியிலிருந்து, வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் அடிக்கும் வாடை படி வழியாக மெல்ல இறங்கி வரும். அவள் தாளைப் புரட்டும்போதெல்லாம் மேலே ஏதோ தரையில் உரசி நகரும், அவள் கையை நிறுத்தினால் அதுவும் நின்று, காது கொடுத்துக் கேட்பதுபோல் காத்திருக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து கொஞ்ச நாள் இதைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

சாப்பிடும்போது பெரியவள் கேட்டாள். "அம்மா, நாங்க ஏரிக்கரைக்கு எப்போ போய்ச் சேருவோம்?"

"நீயுமாடி? நாம!"

"அதான், நாங்க."

கிண்டல் செய்கிற முகமாகத் தெரியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அந்த நேரத்தில் கூடத்தில் கணவர் விடுதிக்காரரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "மூணு பேர். ஒரு நாய்."

"ஏங்க, நாலு பேர்! பூனையும் இருக்கு!"

அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "நாங்க மூணு பேர்தானே?" என்றார், வந்த விருந்தாளியிடம் பேசுகிற பொறுமையோடு.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூவரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு விளையாடுகிறார்கள். ராப்பகலாக ஓடியாடி ஏற்பாடு செய்கிறவளுக்கு இதுதான் மரியாதை. "எதுக்கும் ஒரு அளவு வேணும். வழி பாத்தது நான், விடுதி பிடிச்சது நான். நான் இல்லாம எங்கே போயிடுவீங்க நீங்க?" என்று கத்தினாள்.

மூன்று முகங்களும் அவள் பக்கம் திரும்பின. ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குச் சற்று மேலே, பின்னால், எங்கோ பார்த்தன. மேசைக்கடியில் குண்டன் முனகியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். மாடிப்படி மட்டும்தான் இருந்தது. அழுகையும் ஆத்திரமுமாகப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கிளம்பும் நாளில் அதைப்பற்றி யாரும் பேசவில்லை. குண்டன் வெயில் தாங்காது என்பதால் பொழுது சாயும் நேரத்தில் புறப்பட ஏற்பாடு. அதுவும் அவள் செய்த ஏற்பாடுதான். பெட்டிகள் ஏறின, நாயின் போர்வை ஏறியது, வழியில் குடிக்கத் தண்ணீர் ஏறியது. மகாராணியை மட்டும் காணவில்லை.

"யாராவது மேலே போய்ப் பாருங்களேன்" என்றாள். ஒருவரும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவளே கூடையோடு மாடியேறினாள். விளக்கைப் போட்டாள், எரியவில்லை. அந்த வாடை, இன்று தொண்டை வரைக்கும் இறங்கியது. படுக்கையறைக்குள் போய் முழங்காலிட்டு, கட்டிலுக்கடியில் பச்சையாக மின்னிய இரண்டு கண்களைப் பார்த்து, "வாடி செல்லம், எல்லாரும் காத்திருக்காங்க, மானத்தை வாங்காதே" என்று கெஞ்சினாள்.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

ஜன்னலுக்கு ஓடினாள். வண்டி வெளிவாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டு ஜன்னலில் குண்டனின் தலை. அது மட்டும் திரும்பி இவளைப் பார்த்துக் குரைத்தது.

கைப்பேசியை எடுத்து அழைத்தாள். கணவர் உடனே எடுத்தார்.

"ஏங்க! நான் இன்னும் வீட்டுலதான் இருக்கேன்! திருப்புங்க வண்டியை!"

வண்டியின் இரைச்சலுக்கு நடுவே அவர் அன்பாகவே சொன்னார். "நாங்க போயிட்டு வரோம். நீங்க ரெண்டு பேரும் பத்திரமா இருங்க."

இணைப்பு அறுந்தது.

ரெண்டு பேரும். பூனையைச் சொல்கிறார். பூனையைத்தான். பூனையைப் போய் யாராவது பேர் என்பார்களா?

மாடி நடையில் உரசல். நெருங்கியது. அவள் மூச்சை அடக்கினாள். அதுவும் நின்றது.

கட்டிலுக்கடியிலிருந்து மகாராணி வெளியே வந்தது. கூடையைத் தாண்டியது. அவளைத் தாண்டியது. வாலைத் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்குப் போய், இருட்டைப் பார்த்துக் குழைந்தது.

"அவங்க போகட்டும்" என்றது இருட்டு. தாளில் தாள் உரசுகிற குரல். "நாம இருக்கலாம்."

பூனை தரையைவிட்டு எழும்பியது. மெதுவாக. இடுப்பு உயரத்துக்கு. பின்னங்கால்கள் தொங்க, தலையை இல்லாத ஒரு தோளில் சாய்த்து, கண்ணை மூடிக் குர்குர் என்று முனகிக்கொண்டு, அந்தரத்திலேயே, ஓர் அடி, இன்னோர் அடி, அறைக்குள் அவளை நோக்கி வந்தது.