விறகுக்குப் போனவர்

2009 செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, துவக்கு லைசன்ஸ் விசாரிக்கும் பொலிஸ் உத்தியோகத்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தென் லண்டனில், மிச்சம் என்ற இடத்தில், ட்ராம் பாதைக்குப் பின்னால் இருக்கும் பழைய வீடு அது. முன்னறை, ஒடுங்கிய மாடிப்படி, பின்னால் குசினி. மழை நாட்களில் சுவர்கள் நனைந்த சாக்கு மாதிரி மணக்கும். அன்றும் மணந்தது.

நான் குசினியில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வைத்தியநாதன் பின்வளவில் விறகு அடுக்குவதற்குத் தட்டு ஒன்று அடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. முன்கதவு திறந்த சத்தமும் கேட்டது. அவர்தான் திறந்திருப்பார் என்று நினைத்தேன்.

சுத்தியல் சத்தம் நிற்கவில்லை என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.

மான் சுடும் துவக்கு ஒன்று வாங்கவேண்டும் என்று அவர் யூலையில் சொன்னார். மே மாதத்தில் வன்னியில் யுத்தம் எல்லாம் முடிந்தது. அவருடைய தங்கை குடும்பத்தைப் பற்றி வந்துகொண்டிருந்த செய்தியும் அதோடு நின்றது. அதற்கு முன் ஒவ்வொரு நாளும் வேலை முடிய நேரே பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் மற்றச் சனத்தோடு நின்று கத்திவிட்டு, குரல் அடைத்து வீட்டுக்கு வருவார். ஒருநாள் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே படியில் இருந்தார்.

"ஆர் சுட்டது, ஆர் சுட்டது எண்டு தொண்டை கிழியக் கத்திறம், நகுலா. ஜீவாவை ஆர் சுட்டது?"

எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

லண்டனுக்கு வருமுன் நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரில் இருந்தோம். இவர் அங்கே சோதனை பாஸ் பண்ணி மான் வேட்டைக்குப் போவார். சினேகிதன் ஜீவரத்தினம் துவக்கைத் தொடமாட்டார். கூடப் போய் மாரிக்கு விறகு பொறுக்கி வருவார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். 2001 ஒக்டோபரில் ஒரு பின்னேரம், விறகுக்கட்டைத் தோளில் வைத்துக் குனிந்து நடந்த அவரை மான் என்று நினைத்து இவர் சுட்டுவிட்டார்.

ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்கும்படி இவர்தான் சொல்லியிருந்தார். ஜீவா அண்ணை சொன்ன இடத்திலேயே நின்றார். ஆனால் பொலிசிடம், அவர் ஓடையைத் தாண்டி வேட்டைப் பக்கம் வந்துவிட்டார் என்று இவர் சொன்னார். என்னையும் விசாரித்தார்கள். நானும் அதையே சொன்னேன். நம்பவேண்டுமே என்பதற்காக நானே ஒரு வசனம் சேர்த்தேன். அன்று காலை எங்கள் குசினியில் வைத்து, "அங்காலதான் நல்ல விறகு கிடக்கு" என்று ஜீவா அண்ணை சிரித்துக்கொண்டு சொன்னதாக.

அப்படி அவர் சொல்லவேயில்லை.

விபத்து என்று பைலை மூடிவிட்டார்கள். ஜீவா அண்ணையின் மனைவி டொலறஸும் அதையே நம்பினாள். மூன்று வருடம் கழித்து நாங்கள் லண்டனுக்கு வந்துவிட்டோம்.

உத்தியோகத்தர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம், என்ன கேட்டால் என்ன சொல்வது என்று இருவரும் சொல்லிப் பார்த்தோம். நான் நல்ல சேலை ஒன்றை எடுத்து வைத்ததைப் பார்த்து இவர் பகிடி பண்ணினார்.

"அகதி விசாரணைக்கோ வெளிக்கிடுறாய்? அவன் என்ர துவக்குப் பெட்டியைப் பாக்க வாறான், உன்னையில்லை."

எங்களைப் போன்றவர்கள் எத்தனை மேசைகளுக்கு முன்னால் இருந்திருப்போம். கேட்டதற்கு மட்டும் பதில். புருசன் சொன்னதையே பெண்சாதியும் சொல்லவேண்டும். ஒரு சொல் மாறினாலும் போச்சு. பதினைந்து இருபது வருடம் அப்படிப் பழகிய வாய்.

உத்தியோகத்தர் நல்ல மனிதர், வயதானவர். மாடிப்படிக்குக் கீழே சுவரோடு பூட்டியிருந்த இரும்புப் பெட்டியை அசைத்துப் பார்த்தார். பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேட்டார். பிறகு முன்னறைக் கதிரையில் இருந்துகொண்டு படிவத்தை எடுத்தார்.

"இந்த வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை," என்றார் இவர்.

"இல்லை," என்றேன் நானும்.

அவர் பேனையை நிறுத்தினார். "எனக்குக் கதவைத் திறந்துவிட்டாரே, அந்த உயரமானவர்?"

நான் இவரைப் பார்த்தேன். இவருடைய முகத்தில் ஒரு வியப்பும் இல்லை.

"சினேகிதன்," என்றார். "வேலைக்குப் போய்விட்டான். இங்கே தங்குவதில்லை."

"ஓம், சினேகிதர்," என்றேன்.

போவதற்கு முன் உத்தியோகத்தர் என்னோடு தனியாகப் பேசவேண்டும் என்றார். அது வழக்கமாம். குசினிக்கு வந்து கதவைச் சாத்தினார். துவக்கு வீட்டுக்கு வருவதில் எனக்கு ஏதாவது பயம் இருக்கிறதா என்று கேட்டார். மெதுவாக, நேரமெடுத்துக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாமே என் கையில் இருந்தது. மேயிலிருந்து இவர் நித்திரை கொள்வதில்லை என்று சொல்லியிருக்கலாம். படியில் இருந்துகொண்டு வெறுமையோடு கதைக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். படியில் சில நாட்களாகப் புதிதாய் வெட்டிய மரத்தின் வாசம் வருவதையும், எனக்கு முன்னால் யாரோ ஏறிப்போவதையும் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும், துவக்கு வந்திராது.

"ஒரு பிரச்சினையும் இல்லை," என்றேன்.

அவர் போன பிறகு இவரைக் கேட்டேன். "கதவைத் திறந்தது ஆர்?"

"நீதானே சொன்னனி, சினேகிதர் எண்டு."

நான் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

லைசன்ஸ் வந்ததும் சறே பக்கத்தில் உள்ள ஒரு துவக்குக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். எண்ணெயும் தோலும் மணக்கும் கடை. விற்பனையாளர் இளம் ஆள், தொழிலில் விருப்பம் உள்ளவன். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்கு உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னான். கழுத்தை வளைக்காமல் குறி நேராகத் தெரிந்தால் அது உங்களுக்கு அளவான துவக்கு என்றான். இவர் கட்டையான மனிதர். மூன்றாவதாக எடுத்தது அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. கடைக்காரனுக்குச் சந்தோசம்.

இவர் அதைக் கீழே வைத்துவிட்டு, தோளில் முட்டும் பிடங்கு நீளமான வேறொன்றைக் கேட்டார். அதைத் தோளில் வைத்தபோது கை விசைக்கு எட்டியும் எட்டாமலும் நின்றது.

"இது உங்களுக்கு நீளம், சேர்," என்றான் அவன்.

இவர் தனக்கு வலப்பக்கம் திரும்பி, சற்று மேலே பார்த்தார். அங்கே கண்ணாடி அலுமாரி மட்டும்தான் இருந்தது.

"சரியோ?" என்று தமிழில் கேட்டார்.

பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

கடைக்காரன் என்னைப் பார்த்தான். "அவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது," என்றேன். என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் மூடி மூடிச் சொல்லியே நான் வாழ்ந்திருக்கிறேன்.

வெளியே காருக்குள் இருந்தபோது, "உங்கட கைக்கு எட்டாத துவக்கு என்னத்துக்கு?" என்றேன்.

"எனக்கில்லை," என்றார்.

கென்ற் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரருக்கு இவர் குசினி பொருத்திக் கொடுத்திருந்தார். அவருடைய காட்டில் மான் சுடவும், விழுந்து காய்ந்த மரம் எடுக்கவும் அனுமதி இருந்தது. நவம்பர் முழுக்கச் சனிக்கிழமைகளில் போனார். துவக்கு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இவர் கயிறும் கைவாளும் மட்டும் கொண்டுபோய், தோளில் சுமந்த விறகை வான் வண்டியில் ஏற்றி வந்து பின்வளவில் அடுக்கினார். தோள் இரண்டும் கன்றிப்போயிருந்தன. முன்னறை இரும்பு அடுப்பில் ஒரு கட்டைகூட வைக்க விடவில்லை.

நான்காவது சனிக்கிழமை காலை சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "இண்டைக்கும் துவக்கு எடுக்கேல்லையோ?"

"இல்லை."

"பின்னை ஏன் வாங்கினனீங்கள்? பெட்டிக்குள்ள வைச்சுப் பூசை செய்யவோ?"

சிரித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அண்டைக்குத் துவக்கு என்னட்ட, விறகு அவனிட்ட. இப்ப மாறி. வேற ஒண்டுமில்லை, நகுலா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இஞ்சருங்கோ, போகாதேங்கோ."

"அங்கயும் ஒரு ஓடை இருக்கு. நான் இஞ்சாலப் பக்கம்தான் நிப்பன். தாண்டமாட்டன்."

என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

உத்தியோகத்தருடைய நம்பர் குளிரூட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. டெலிபோனை எடுத்தேன். என்ன சொல்வது? கேட்டபோது இல்லை என்றவள் நான். வைத்துவிட்டேன்.

ஒரு மணியிருக்கும். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். ட்ராம் ஒன்று போனது. அதன் சத்தம் தேய்ந்த பிறகு, மாடிப்படிக்குக் கீழே ஒரு பூட்டுத் திரும்பியது.

திறப்பு இவரோடு போயிருந்தது.

இரும்புக் கதவு மெல்ல முனகித் திறந்தது.

யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள், வேலைக்கு வெளிக்கிடும் ஆள் மாதிரி.

பாரமான காலடிகள் நடை வழியே போயின. ஒவ்வொரு அடியும் அகலம். முன்கதவு திறந்து மூடியது. நனைந்த மரத்தின் வாசம் குசினிவரை வந்தது.

நான் கத்தியைப் பிடித்தபடியே நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. போகவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிதனிடம் அதைக் கேட்க எனக்கு என்ன முகம் இருந்தது?

மூன்று மணிக்குக் காலடிகள் திரும்பி வந்தன.

இரும்புக் கதவு மூடிக்கொண்டது. பூட்டு விழுந்தது.

நான்கரைக்கு இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். பண்ணைக்காரர்தான் கண்டாராம். இவர் ஓடைக்கு இந்தப் பக்கம், தோளில் விறகுக்கட்டோடு குப்புறக் கிடந்தாராம். உடம்பில் ஒரு காயமும் இல்லை. இருதயம் நின்றுவிட்டது என்று டொக்டர் எழுதினார்.

செத்தவீடு முடிந்த கிழமை, பழைய உத்தியோகத்தரே துவக்கை எடுத்துப்போக வந்தார். இவருடைய உடுப்போடு திரும்பி வந்த திறப்பை நான் கொடுத்தேன். துவக்கைக் கையில் எடுத்ததும் அவர் நின்றார். குழலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"உங்கள் கணவர் இதைக் கடைசியாக எப்போது சுட்டார்?"

"அவர் ஒருநாளும் சுடவில்லை," என்றேன். அவருக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த மாரியில் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. பின்வளவில் அடுக்கிய விறகை நான் தொடவில்லை. வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. படியில் வாசம் இல்லை, காலடி இல்லை. கொண்டுபோக வந்தவர் கொண்டுபோய்விட்டார் என்று இருந்தேன். அந்த அமைதிதான் என்னை அரித்தது. தை பிறந்து இரண்டாம் கிழமை, ஒரு மத்தியானம், நோர்வேக்கு, டொலறஸுக்கு டெலிபோன் எடுத்தேன்.

துக்கம் விசாரிக்கத் தொடங்கினாள். நான் இடையில் மறித்தேன்.

"பிள்ளை, ஒருவரும் கேக்காத ஒண்டை நான் சொல்லவேணும். ஜீவா அண்ணை ஓடையைத் தாண்டேல்லை. இவர் நிக்கச் சொன்ன இடத்திலதான் நிண்டவர். அங்காலதான் நல்ல விறகு எண்டு அவர் சொன்னதெண்டதும் பொய். அதை நான்தான் சொன்னனான்."

அந்தப் பக்கம் கதிரை ஒன்றை இழுத்து அவள் இருக்கும் சத்தம் கேட்டது.

"எட்டு வருசம் நான் அந்தாளைத் திட்டிக்கொண்டிருந்தனான் அக்கா," என்றாள். குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தேக்கையும் திட்டுவன். சொல்வழி கேளாமல் நாலு கட்டை விறகுக்கு ஆசைப்பட்டுச் செத்த மனிசன் எண்டு. நல்ல விறகு கண்டனியோ எண்டு கேப்பன்."

எனக்கு அழுகையும் வரவில்லை. "என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கேல்லை," என்றேன்.

அவளுடைய மூச்சுமட்டும் கேட்டது. பிறகு அந்த மூச்சும் நின்றது, காது கொடுத்துக் கேட்பவளுடையது போல.

"அக்கா, உங்களுக்குப் பக்கத்தில ஆர்?"

"ஒருத்தருமில்லை. நான் தனிய."

"இல்லை. ரெண்டு ஆம்பிளையள் கதைக்கினம்."

முன்னறையைச் சுற்றிப் பார்த்தேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அதற்கு முன்னால் கிடந்த இரண்டு கதிரைகளும் வெறுமையாக இருந்தன. சன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"என்ன கதைக்கினம்?" என்றேன் இரகசியமாக.

"விளங்கேல்லை. ஒராள் சிரிக்கிறார்." அவளுடைய குரல் உடைந்தது. "அக்கா, அது என்ர மனிசன்ர சிரிப்பு."

நான் டெலிபோனை வைக்கப் போனேன். எப்படித் தெரிந்ததோ, அவள் அவசரமாகச் சொன்னாள்.

"வைச்சிடாதேங்கோ அக்கா. ஒண்டும் கதைக்காதேங்கோ. நான் கொஞ்சநேரம் கேக்கிறன்."

எழுந்து போய், டெலிபோனை அந்த இரண்டு கதிரைகளுக்கும் நடுவே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.