வாசிக்க மட்டும்

மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குள் பஸ் நுழைந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. இறங்கிய தக்ஷாயினி தோள்பையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். பைக்குள் ஒரு பென் டிரைவும், வெறுமையான வன்தட்டு ஒன்றும் இருந்தன.

வாவிக் கரையில் கடைசி வீடு. அவள் மருமகளாக நுழைந்து, ஒரு நாள் உடுத்த உடுப்போடு வெளியேறிய வீடு. மாமியார் இலட்சுமிப்பிள்ளை திறப்பை நீட்டியபடி வாசலில் நின்றாள்.

"அந்த அறைக்குள்ள நான் போறதில்ல புள்ள. நீயே திற."

"கொம்பியூட்டரைக் கொண்டு போகட்டா மாமி?"

"ஆண்டுத் திவசம் முடியுமட்டும் அவன்ட சாமான் ஒண்டும் வாசல் தாண்டாது. இஞ்சயே இருந்து செய்." குரலைத் தாழ்த்தினாள். "உள்ளுக்குச் சத்தம் கேட்டா என்னைக் கூப்பிடாதகா."

அவள் கணவன் ரதீஸ் தோணி கவிழ்ந்து வாவியில் மூழ்கிச் செத்து மாதங்களாகிவிட்டன. அதே வாவியின் உப்பையும் இறாலையும் பற்றித்தான் தக்ஷாயினி பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். சமர்ப்பிக்க வேண்டிய நேரத்தில், "படிச்சது காணும், இனி வேணாம்" என்று சொல்லி, கணினியை இந்த அறைக்குள் வைத்துப் பூட்டியவன் அவன். இப்போது பல்கலைக்கழகம் கடைசித் தவணை ஒன்று கொடுத்திருந்தது. அளவீடுகள் எல்லாம் அந்தக் கணினியில் மட்டுமே இருந்தன.

கதவைத் திறந்ததும் சேற்று மணம் அடித்தது. ஜன்னல் இறுகச் சாத்தியிருந்தது. தரை காய்ந்துதான் கிடந்தது.

கணினி எழும்பவில்லை. உள்ளேயிருந்த வன்தட்டு 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டது. பழுதான தட்டை அடிக்கடி திறந்து பார்த்தால் அது முற்றாகச் செத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பென் டிரைவில் கொண்டுவந்த லினக்ஸ் இயங்குதளத்தால் கணினியை எழுப்பினாள். பழைய தட்டில் உள்ளதை எல்லாம் அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுக்கக் கட்டளை கொடுத்தாள். இனி அந்தத் தட்டு செத்தாலும், அதன் படிமம் அவளுடைய வன்தட்டில் உயிரோடு இருக்கும்.

மழை கூரையில் இரைந்தது. பிற்பகல் என்றாலும் அறை இருண்டுவிட்டது. டிக் டிக் மெல்ல மெல்ல வேறு சத்தமாக மாறியது.

ச்சு. ச்சு.

அவள் வாய் திறந்தால் போதும், ரதீஸ் அப்படித்தான் உச்சுக் கொட்டுவான்.

படியெடுப்பு முடிந்ததும் கணினியின் மூடியைக் கழற்றி, பழைய தட்டின் இணைப்பைப் பிடுங்கினாள். தட்டு சுழன்று ஓய்ந்தது.

சத்தம் ஓயவில்லை.

அது அவளுக்குப் பின்னால் இருந்தது.

படிமத்தை மவுண்ட் செய்து திறந்தாள். வாசிக்க மட்டும், எழுதவோ அழிக்கவோ முடியாதபடி. ஆய்வுக் கோப்புறை விரிந்தது. எல்லாம் இருந்தன.

பின்னால் தரையில் ஈரக்கால் ஒன்று அழுந்தியது.

திரும்பினாள். யாருமில்லை. மறுபடி திரையைப் பார்த்தபோது கோப்பு ஒன்று குறைந்திருந்தது.

இருக்க முடியாது. கண் மூடித் திறந்தாள். இன்னொன்றும் போனது. பிறகு இன்னொன்று.

எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. கதிரை பின்னால் நகர்ந்தும் விட்டது.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தை விடப் பழைய கோபம்.

படிமத்தை மூடிக் கழற்றினாள். திரும்ப மவுண்ட் செய்தாள்.

எல்லாக் கோப்புகளும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அவனால் அழிக்க முடியவில்லை. மறைக்கத்தான் முடிகிறது. அவள் எழுந்து ஓடவேண்டும் என்பதற்காக.

"நான் எழும்ப மாட்டன்," என்றாள் சத்தமாக. கோப்புகளைத் தன் கோப்புறைக்கு நகலெடுக்கத் தொடங்கினாள்.

குளிர்ந்த கையொன்று அவள் தோளில் அமர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக அழுத்தின.

"காணும்," என்றது காதருகே ஒரு மூச்சு. தண்ணீர் குடித்த குரல். "எழும்பு."

கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே அழைத்தவள் அவள்.

"நீ நில்லு," என்றாள். "நிண்டு பாரு. இதுல உனக்கு வாசிக்க மட்டும்தான் ஏலும். ஒரு எழுத்து உன்னால அழிக்க ஏலா."

பிடி இறுகியது. எலும்பு நொந்தது. கண்ணீர் வழிய வழிய அவள் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. நகர்ந்துகொண்டிருந்த கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள். கடைசிப் பெயரை வாசித்தபோது தோள் இலேசாகிவிட்டது.

வெளியே வந்தவளை இலட்சுமிப்பிள்ளை கிட்டக் கூப்பிட்டாள். மருமகளின் தோளில் ஐந்து விரலாக அப்பியிருந்த சேற்றைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"திரும்பிப் பாக்காமப் போ புள்ள."

"பாத்திட்டுத்தான் மாமி போவன்."

தக்ஷாயினி நின்று, திரும்பி, அந்தக் கதவை அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்த்துவிட்டுத்தான் மழையில் இறங்கினாள்.

ஆய்வு ஏற்கப்பட்டது. செங்கலடியில் எடுத்த வாடகை அறையில், வெயில் விழுந்த ஒரு காலையில், மிச்சமிருந்த படங்களை எடுப்பதற்காகத் தன் சொந்த மடிக்கணினியில் படிமத்தைக் கடைசித் தடவையாகத் திறந்தாள். வேலை முடிந்ததும் கழற்றக் கட்டளை கொடுத்தாள்.

கணினி மறுத்தது. பாவனையில் உள்ளது என்றது.

திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினாள். மறுபடி கொடுத்தாள். பாவனையில் உள்ளது.

யார் பாவிக்கிறார்கள் என்று இன்னொரு கட்டளையால் கேட்டாள். அந்தக் கணினியில் அவளைத் தவிர வேறு பாவனையாளரே கிடையாது. திரையில் ஒரே ஒரு வரி வந்தது. வரியின் தொடக்கத்தில் பாவனையாளரின் பெயர் இருந்தது.

ரதீஸ்.

தக்ஷாயினி அந்தப் பெயரை ஒருமுறை உரக்க வாசித்தாள். பிறகு அந்தச் சாளரத்தை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, தான் நடத்தவிருந்த விரிவுரைக்கான குறிப்பை எழுதத் திறந்தாள்.

"இரு," என்றாள். "எனக்கு வேலை கிடக்கு."

அறைக்குள் எங்கிருந்தோ தண்ணீர் சொட்டத் தொடங்கியது.